வெற்று லாரியின் எடை

பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட
லீவு போடாதவர் தவநேசன்,
செம்பனை ஆலையின் எடைமேடைக் கிராணி.
அதற்காகவே கொடுத்த நற்சான்றிதழ்
கண்ணாடிச் சட்டத்துக்குள்
அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.
தாயார் இறந்த அன்றும்
காரியம் முடித்து, ஈரத் தலையோடு
இரண்டு மணி லாரிக்கு வந்து நின்றார்.
என்ன மனுஷன் என்றோம்.

கொசு ஒன்று கெடுத்தது எல்லாவற்றையும்.
டிங்கி. சிகாமட் மருத்துவமனையில் ஒன்பது நாள்.
சாமான் கொட்டகையில் கையுறை எண்ணிக்கொண்டிருந்த என்னை
"நீ போய் உட்காரு, கனகேஸ்" என்றார் மேலாளர்.
நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது,
அவர் உடம்புக்குப் பழகிய சாய்வு.

முதல் நாள் மழை.
லாபிஸ் சாலைச் சேறெல்லாம் சக்கரத்தில் அப்பிக்கொண்டு
குத்தகைக்காரரின் நீல லாரி வந்தது.
குலையோடு ஓர் எடை,
கொட்டிவிட்டு ஓர் எடை.
வெற்று லாரி: நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து.
எழுதினேன்.
ஓட்டுநர் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அக்கா, இது நாலாயிரத்து முந்நூற்று எண்பது லாரி" என்றான்,
பெயரைத் தப்பாய்ச் சொன்னவளைத் திருத்துவதுபோல்.

அன்றிரவு பழைய சீட்டுக் கட்டுகளை அவிழ்த்தேன்.
வெயில் காலத்தில் 4380.
வெள்ளம் வந்த ஜனவரியில் 4380.
டீசல் நிரப்பி வந்த காலையிலும்
டேங்க் காய்ந்து வந்த மாலையிலும்
ஒல்லி முனிராஜு ஓட்டியபோதும்
அவன் போய்ப் பருத்த ஜமாலுடின் வந்தபோதும்
4380.
கிளினிக் தராசில் ஏறினால் எனக்கே
தைப்பூசத்துக்கு முன் ஓர் எடை, பின் ஓர் எடை.
மண் ஒட்டாத, தாகம் எடுக்காத லாரி ஒன்று
ஆறு வருடமாய் எங்கள் ஆலைக்கு வந்துபோயிருக்கிறது.

இருநூற்று முப்பது கிலோ.
நடைக்கு மூன்று ஆள்
கண்ணுக்குத் தெரியாமல்
குலையோடு குலையாய் ஏறி வந்து
விலை போயிருக்கிறார்கள்.
நாளைக்கு நாலு நடை.
பெருக்கிப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன்.
பார்த்தேன்.

யாரிடம் சொல்ல?
அவர் மகளும் என் மகனும் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு.
என் வீட்டுக்காரர் விபத்தில் கிடந்தபோது
ரத்தம் கொடுத்தவர் தவநேசன்.
இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.
மூன்றாம் நாள் அழைத்தேன்,
சுவரில் பல்லி எச்சத்துக்குக் கீழே
என்றோ ஒட்டிய தாளில் இருந்த கோலாலம்பூர் எண்ணுக்கு.

புவான் ரொஹைசா வந்தார்.
அதட்டவில்லை.
சீட்டுகளை உறையிலிட்டு ஒட்டினார்,
உறைமேல் நேரம் எழுதினார்.
"இது யார் கையெழுத்து?"
மலாயில், மெதுவாகத்தான் கேட்டார்.
மாதக் கணக்கின் அடியில்
சரிபார்த்தவர் என்ற இடத்தில்
எழுபத்திரண்டு மாதமாய் என் கையெழுத்து.
"சரிபார்த்தீர்களா?"
மின்விசிறி கிறீச்சிட்டது.
"கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

தவநேசன் திரும்பவில்லை.
சான்றிதழ் இருந்த இடத்தில்
சுவர் மட்டும் வெளுப்பாய், சதுரமாய்.
அவர் மனைவி சந்தையில் என்னைக் கண்டால்
கீரைக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

இப்போது புது விதி. யாரானாலும்
வருடத்தில் பத்து நாள், தொடர்ந்து,
வீட்டில் இருக்க வேண்டும்.
முதல் ஆள் நான்.
துணி துவைத்தாயிற்று. அலமாரி ஒழித்தாயிற்று.
காலை பத்து மணி.
சாமான் கொட்டகையில் என் நாற்காலியில்
யாரோ ஒரு பெண் உட்கார்ந்து
என் இழுப்பறையைத் திறந்துகொண்டிருப்பாள்.
சில்லறை டப்பாவில்
பன்னிரண்டு வெள்ளி குறையும்.
போன தவணையில் மகனின் புத்தகத்துக்கு எடுத்தது.
எழுதி வைக்கலாம் என்றுதான் இருந்தேன்.